லூர்துவின் முதுகு

ஜூன் 8, ஞாயிறு

தூத்துக்குடியிலிருந்து வேம்பார் வரை நாற்பத்தைந்து கிலோமீட்டர். சராசரி வேகம் மணிக்கு 38.4. இதை எழுதி வைப்பதற்குக் காரணம் உண்டு. நாளைக்கு என் பேரப்பிள்ளைகள், தாத்தா வாழ்நாள் முழுக்கப் பல் மட்டும்தான் பிடுங்கினார் என்று நினைத்துவிடக் கூடாது.

எங்கள் சைக்கிள் சங்கத்தில் நான்கு பேர். தலைவர் டாக்டர் தனசிங், அதாவது நான், வயது நாற்பத்தேழு. செயலாளர் முத்துவேல், அனல்மின் நிலையத்தில் இன்ஜினியர். பொருளாளர் ஜவுளிக்கடை சாகுல் ஹமீது. லூர்து ராயன் உறுப்பினர். சங்கம் என்றால் ஒரு உறுப்பினராவது வேண்டுமே. அவருக்கு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு எஞ்சின் பழுது பார்க்கிற வேலை. எங்கள் மூவரிடமும் கார்பன் சைக்கிள். அவருடையது இரும்பு, உடைந்த இடங்களில் அவரே பற்ற வைத்தது.

ஒருவர் பின் ஒருவராக ஒட்டிப் போவதுதான் எங்கள் முறை. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுப்பார். பின்னால் வருகிறவருக்கு மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். இதற்கு நாங்கள் 'நிழல்' என்று பெயர் வைத்திருக்கிறோம். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை முன்னால் போகிறவர் மாற வேண்டும் என்பது விதி. ஆனால் லூர்துவுக்கு முன்னால் போவதில்தான் பிரியம். பின்னால் வந்தால் தூக்கம் வருகிறதாம். அவர் ஆசையைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டோம்.

வேம்பாரில் இட்லி, மீன் குழம்பு. பிறகு சாகுல் கடையின் குட்டி யானை வேன் வந்தது. சைக்கிள்களை ஏற்றிவிட்டு, ஜவுளி மூட்டைகளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே ஊர் திரும்பினோம். லூர்து மட்டும் எப்போதும் போலச் சைக்கிளிலேயே திரும்பினார். வேனில் இடம் இருக்கிறது என்றேன். "இருக்கட்டும் டாக்டர், இப்படியே காத்தப் பாத்துட்டு வாறேன்" என்றார். காற்றில் பார்க்க என்ன இருக்கிறதோ.

மனைவி ஹெப்சிபா அடுப்படிக் குழாய் சொட்டுகிறது என்றாள். அடுத்த வாரம் பார்க்க வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

பெரிய செய்தி. 'தென்கடல் சுற்று' என்று ஐந்து நாள் சைக்கிள் பந்தயம் வருகிறது. வெளிநாட்டு அணிகளும் சேர்ந்து பன்னிரண்டு அணிகள். எல்லாரும் சைக்கிள் ஓட்டியே சோறு தின்கிற ஆட்கள். கடைசி நாள் ஆகஸ்ட் 24, ராமநாதபுரம் முதல் தூத்துக்குடி வரை நூற்றிருபது கிலோமீட்டர், முழுக்கச் சமதரை. நம் ஊரில் முடிவதால் அன்று ஒருநாள் மட்டும் உள்ளூர்ச் சங்கத்திலிருந்து மூன்று பேர் விருந்தினர் அணியாக ஓட்டலாம். பெயர்களைச் சங்கத் தலைவர் கொடுக்க வேண்டும்.

பத்து மணிக்கு வந்த நோயாளியிடம் என் கருத்தை விளக்கினேன். மலையேற்றம் என்றால் அவர்கள் ஜாதி வேறு, நாம் வேறு. ஆனால் சமதரையில் கூட்டத்தின் வாலில் ஒட்டிக்கொண்டால் போதும், நிழலே இழுத்துக்கொண்டு போய்விடும். போன வருஷம் அவர்களுடைய சமதரைச் சராசரி நாற்பத்திரண்டு. நாங்கள் நான்கு பேரே முப்பத்தெட்டு போகிறோம். நூறு பேர் நிழலில் நாற்பத்திரண்டு எம்மாத்திரம்? நோயாளி மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. அவர் வாயில் நான்கு பஞ்சும் உறிஞ்சுகுழாயும் இருந்தன.

ஜூன் 15, ஞாயிறு

38.9. என் வாழ்நாள் சாதனை.

வேம்பாரில் பேச்செல்லாம் பந்தயம்தான். லூர்து வழக்கமாக வாயே திறக்கமாட்டார். இன்று அவராகப் பேசினார். "முடிவுக்கோடு மாதா கோயிலுக்கு முன்னால போடுறாங்களாம் டாக்டர். எங்க வீட்டு மாடில நின்னா நேரா தெரியும். எங்க தெருவே நிக்கும்." சொல்லிவிட்டு, அதிகம் பேசிவிட்டது போலத் தட்டைக் கழுவ எழுந்து போனார்.

திரும்பி வந்து, "ஆனா ராம்நாட்ல இருந்துல்லா இங்கிட்டு வாறாங்க. நாம எப்பவும் அங்கிட்டுத்தான்..." என்று ஆரம்பித்தார். அதே சாலைதானே லூர்து, சமதரைக்குப் போகும்போது ஒன்று வரும்போது ஒன்றா என்று கேட்டேன். முத்துவேல் சிரித்தார். லூர்துவும் சிரித்துவிட்டு, கிளம்புகிறேன் என்றார். எப்போதும் நேரமாகிவிட்டது என்று முதலில் கிளம்புவது அவர்தான்.

ஜூன் 20, வெள்ளி

உள்ளூர்க் கேபிள் டிவியில் பேட்டி. நன்றாகப் பேசினேன். "சமதரையில் தொழில்முறை, பொழுதுபோக்கு என்ற பேதமெல்லாம் கிடையாது" என்றேன். "எத்தனை கிலோமீட்டர் அவர்களோடு தாக்குப்பிடிப்பீர்கள்?" என்று அந்தப் பெண் கேட்டாள். நூற்றிருபதும் என்றேன். கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. அதனால் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டியதாயிற்று: கூட்டத்தோடு வந்து சேராவிட்டால் அதற்குப் பிறகு சைக்கிளைத் தொடமாட்டேன்.

வீட்டில் ஹெப்சிபா, "இத எதுக்கு டிவில போய்ச் சொன்னீங்க?" என்றாள். நம்பிக்கை இல்லாதவர்களோடு வாழ்வது ஒரு பயிற்சி.

ஜூன் 29, ஞாயிறு

38.6. குழாய்க்கு வாஷர் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 5, சனி

லூர்துவுக்குக் கடைவாய்ப்பல் சொத்தை. மூன்று வருஷப் பழக்கத்தில் இன்றுதான் முதல்முறை என் நாற்காலியில் உட்கார்ந்தார். மரத்துப்போக ஊசி போட்டு, வாயைத் திறக்க வைத்து, பஞ்சை அடைத்து, பந்தயத்துக்கான என் திட்டத்தை முழுதாகச் சொன்னேன். தொடக்கத்தில் வாலில் நிற்பது, நடுவில் வாலில் நிற்பது, முடிவிலும் வாலிலேயே நிற்பது. கேட்டுக்கொண்டே இருந்தவர் திடீரென்று கையைத் தூக்கினார்.

"ஆச்சா" என்றார்.

இன்னும் இரண்டு நிமிஷம் என்றேன்.

தலையை ஆட்டினார். "ஆச்சா... ஆச்சா..." கையைக் கடல் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, மேற்கே நீட்டி நீட்டிக் காட்டினார். வீட்டுக்குப் போக அவசரம் போலிருக்கிறது. எஞ்சினை எல்லாம் தலைகீழாகக் கழற்றுகிற மனிதர், ஒரு பல்லுக்கு இப்படிப் பதறுகிறார். ஆச்சு ஆச்சு, முடிந்துவிட்டது என்று தட்டிக்கொடுத்து, பல்லை எடுத்து, பஞ்சைக் கடிக்க வைத்தேன். ஒரு மணி நேரம் பேசக் கூடாது என்பது மருத்துவ விதி. பேசாமலே போனார். வாசலில் ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்தார்.

ஜூலை 9, புதன்

அணித் தேர்வு. நட்பு வேறு, பொறுப்பு வேறு என்பதால் எல்லாவற்றையும் முத்துவேலின் அட்டவணைக்கே விட்டோம். ஆப்பில் பதிவான மூன்று மாதச் சராசரி: நான் 38.3, முத்துவேல் 38.2, சாகுல் 38.0. லூர்து ராயன்: பதிவு இல்லை. அவரிடம் இருப்பது பொத்தான் போன். ஆப்பே கிடையாது. பதிவு இல்லாதவரை எந்த அடிப்படையில் எடுப்பது? விதி விதிதான்.

சாகுல் மட்டும், "முன்னால போறது அவருதானே டாக்டர்" என்று இழுத்தார். முன்னால் போவது அவருடைய விருப்பம், வேகம் நம்முடைய பதிவு என்று விளக்கினேன். சாகுல் கையெழுத்துப் போட்டார்.

இரவுச் சாப்பாட்டின்போது இதைச் சொன்னேன். ஹெப்சிபா தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "நீங்க சைக்கிள்ல போற போட்டோ வீட்டுல இருபது இருக்கும். எல்லாத்திலயும் லூர்து அண்ணன் முதுகு இருக்கு" என்றாள். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். தோசை தீய்கிறது என்று போய்விட்டாள்.

ஜூலை 10, வியாழன்

லூர்துவிடம் துறைமுகத்துக்கே போய் நேரில் சொன்னேன். தலைவர் என்ற முறையில் அது என் கடமை. ஒரு படகு எஞ்சினுக்குள் பாதி உடம்பை விட்டிருந்தவர் வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "சரி டாக்டர்" என்றார். நான் கிளம்பும்போது, "பின் பிரேக் லேசா உரசுது பாருங்க" என்று கையில் இருந்த ஸ்பானரால் என் சைக்கிளைச் சரி செய்து கொடுத்தார்.

திரும்பும் வழியெல்லாம் நெஞ்சில் என்னவோ கனத்தது. மதியம் சாப்பிட்ட நெத்திலியாக இருக்கும்.

ஜூலை 27, ஞாயிறு

மாதா கோயில் கொடியேறிவிட்டதால் லூர்து வரவில்லை. பத்து நாளும் அவர் தெரு வேலைகளில் இருப்பாராம். முறைப்படி ஐந்து நிமிஷத்துக்கு ஒருவராக முன்னால் போனோம்.

32.1. டயரில் காற்றுக் குறைவு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

31.6. முதல்நாள் சாகுல் வீட்டு விருந்து எல்லாருக்கும் வயிற்றைக் கெடுத்துவிட்டது. முத்துவேல் இந்த இரண்டு வாரங்களையும் அட்டவணையிலிருந்து நீக்கிவிட்டார். பொருந்தாத எண்களைச் சேர்த்தால் சராசரியே கெட்டுவிடுமாம். படித்தவர் படித்தவர்தான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

லூர்து வந்தார். 38.7. டயர்ப் பிரச்சினை தீர்ந்துவிட்டது.

அணியில் இடமில்லை என்ற பிறகும் எங்கள் பயிற்சிக்கு வந்து முன்னால் போகிறார். எதற்கு என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

அடுப்படிக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. இப்படிப் பல விஷயங்கள் அவசரப்படாமல் விட்டால் தானே சரியாகிவிடும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பந்தயக் குழுவின் விதிப் புத்தகம் வந்தது. கூட்டத்துக்குக் கடைசியில் ஒரு வண்டி வருமாம். பின்தங்கியவர்களைப் பெருக்கி அள்ளிக்கொண்டு வருவதால் அதன் நெற்றியில் ஒரு துடைப்பத்தைக் கட்டிவிடுவது வழக்கமாம். அந்த வண்டி கைக்கு எட்டும் தூரத்தில் வந்துவிட்டால் சட்டையில் குத்திய நம்பரைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். உள்ளூர்க்காரர்கள்தான் வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதால் சாகுல் தன் குட்டி யானையைக் கொடுக்கிறார். கடை டிரைவருக்குக் கண்வலி. யார் ஓட்டுவது என்ற பேச்சு வந்ததும் லூர்து, "நான் ஓட்டுதேன்" என்றார்.

நல்ல மனம். அவரும் ஏதோ ஒரு வகையில் பந்தயத்தில் கலந்துகொள்கிறார் என்பதில் தலைவராக எனக்குத் திருப்தி.

ஆகஸ்ட் 23, சனி

விடிந்தால் பந்தயம். கிளினிக்குக்கு விடுமுறை. ஹெப்சிபா பச்சை நிறத்தில் என்னவோ ஒரு தைலம் தேய்த்துவிட்டாள். அவளுக்கும் உள்ளூர ஆசைதான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு நானே மாற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவேன்.

காலையில் லூர்து எங்கள் மூவரையும், சைக்கிள்களையும் வேனில் ஏற்றி ராமநாதபுரம் கொண்டுபோனார். பின்னால் நான்காவதாக அவருடைய இரும்பு சைக்கிளும் இருந்தது. இது எதற்கு என்றேன். "உங்க வண்டி எதுக்காவது ஒண்ணுன்னா மாத்திக்கிட ஆவும்லா" என்றார். துடைப்பத்தை அவரே நெற்றியில் கட்டினார். புதுத் துடைப்பம்.

முதல் ஐந்து கிலோமீட்டர் ஊருக்குள் ஊர்வலம். காருக்குப் பின்னால் மெதுவாக, மணிக்கு இருபது. நூற்றுப் பதினைந்து பேருக்கு நடுவில் நானும் போனேன். பக்கத்தில் வந்த வெள்ளைக்காரப் பையன் வாழைப்பழம் தின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தப் பதினைந்து நிமிஷமும் நான் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

ஊர் எல்லையில் கொடி அசைந்தது. அதற்குப் பிறகு சத்தம்தான் முதலில் மாறியது. நூறு சங்கிலிகளும் ஒரே நேரத்தில் இறுகிய சத்தம். முப்பத்தெட்டு, நாற்பது, நாற்பத்து நான்கு. நான் திட்டப்படி வாலில் இருந்தேன். நிழல் இருந்தது. ஒரு கிலோமீட்டர் நன்றாகவே போனது. பிறகு சாலை முள் உடைமரங்களை விட்டு உப்பளவெளிக்கு வந்தது, வலது கன்னத்தில் ஒரு அறை விழுந்தது.

காற்று. தென்மேற்கிலிருந்து, எதிரும் பக்கமுமாக, நிற்காமல்.

அப்போது முன்னால் போனவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லாமலே, ஒருவர் பின் ஒருவராக இருந்தவர்கள் சாலையின் குறுக்கே சரிந்து விசிறி மாதிரி விரிந்தார்கள். காற்று சாய்வாக வந்தால் நிழலும் சாய்வாகத்தானே விழும்? சாலையின் அகலத்துக்கு இருபது பேருக்குத்தான் நிழல். மிச்சம் பேர் பின்னால் இன்னொரு விசிறி, அதற்குப் பின்னால் இன்னொன்று. நான் கடைசி விசிறியின் கடைசி ஆள். சாலை முடிகிற வெள்ளைக்கோட்டில், நிழல் என்று பேருக்குக்கூட இல்லாமல், நாற்பத்து மூன்றில் போய்க்கொண்டிருந்தேன். முத்துவேல் மூன்றாவது கிலோமீட்டரிலேயே பின்தங்கிவிட்டிருந்தார். சாகுல் அதற்கும் முன்பே. எனக்கு முன்னால் இருந்த சக்கரம் ஒரு முழம் விலகியது. பிறகு ஒரு பனைமர நீளம். அவ்வளவுதான். எட்டு நிமிஷம், ஆறு கிலோமீட்டர்.

யாரும் தள்ளவில்லை, யாரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை. வாழைப்பழப் பையன் அதே சிரித்த முகத்தோடு போய்விட்டான் என்று நினைக்கிறேன்.

தனியாக மிதித்தேன். வேகம் பத்தொன்பது. மூன்று வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் இதே சாலையில் போயிருக்கிறேன், இந்தக் காற்றைப் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. உடனே, பார்த்ததில்லைதான், அது என் முதுகில் இருந்தது என்றும் தோன்றியது. வைகாசி முதல் ஆவணி வரை அடிக்கிற மேல்காற்று. இதற்குக் கடற்கரையில் ஒரு பேர் சொல்வார்கள். அந்தப் பேர் வாயில் வந்த நொடியில் மிதிப்பதை நிறுத்திவிட்டேன்.

கச்சான்.

நாக்கு மரத்து, வாயில் பஞ்சு வைத்துக்கொண்டு அதைச் சொல்லிப் பார்த்தால் எப்படி வரும்? சாலையோரம் நின்று வாயை அகலத் திறந்து நானே சொல்லிப் பார்த்தேன். ஆச்சா. அவர் அவசரப்படவில்லை. பல் ஆயிற்றா என்று கேட்கவில்லை. மேற்கே கையை நீட்டி நீட்டி, எதிர்க்காற்று டாக்டர் என்று சொல்லியிருக்கிறார். நான் ஆச்சு ஆச்சு என்று தட்டிக்கொடுத்து, பேசக் கூடாது என்று அனுப்பிவைத்தேன்.

பின்னால் துடைப்ப வண்டி நின்றிருந்தது. ஹாரன் அடிக்கவில்லை. எனக்கு ஏறவும் வெட்கம், மிதிக்கவும் தெம்பு இல்லை. இரண்டில் வெட்கம்தான் பெரிதாக இருந்தது. இன்னும் பத்து கிலோமீட்டர் மிதித்தேன். வேன் அதே தூரத்தில், அதே வேகத்தில், ஒரு சவ ஊர்வலத்தின் பொறுமையோடு வந்தது. கடைசியில் ஒரு உடைமரத்தடியில் இறங்கி உட்கார்ந்துவிட்டேன்.

லூர்து தண்ணீர் கொண்டுவந்தார். குடித்து முடிக்கும்வரை நின்றார். பிறகு, "நம்பரக் கழத்தித் தாங்க டாக்டர். ரூல்ஸ்லா" என்றார். குத்திக்காட்டிச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் தெரியவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"முத்துவேலும் சாகுலும்?"

"கீழக்கரைல சாகுல் பாய் மாமியார் வீடு இருக்காம். பிரியாணிக்குப் போறோம்னு ஆட்டோ பிடிச்சிட்டாங்க."

வேனில் முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு நான்தான், "அன்னைக்கு நாற்காலில கச்சான்னுதானே சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"ஆமா டாக்டர்."

"பஞ்சை எடுத்த பிறகு சொல்லியிருக்கலாமே?"

"நாலஞ்சு தடவ சொல்ல வந்தேன். நீங்க சந்தோசமா பேசிக்கிட்டு இருந்தீங்க." கியரை மாற்றிக்கொண்டே, "பெறவு, என்னைய எடுக்கலன்னு ஆனதும் சொன்னா, எரிச்சல்ல சொல்லுதான்னு நெனைப்பீங்கள்லா" என்றார்.

"எரிச்சல் இருந்துச்சா?"

சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இருந்துச்சு. எம் பொஞ்சாதி தெரு பூரா சொல்லி வச்சிருந்தா. இல்லன்னு போய்ச் சொல்லணும்லா." அப்புறம் அவராகவே பேச்சை மாற்ற, "வீட்டுல கொழாய் இப்ப சொட்டலல்லா? அந்த வாஷர் பழசு. அக்கா ரெண்டு மாசமா வாளி வச்சிப் பிடிச்சிருக்காக" என்றார்.

குழாய் தானாகச் சரியாகவில்லை என்பதை இதனால் இங்கே திருத்திக்கொள்கிறேன்.

எனக்கு அழுகை வந்தது. தொண்டை வறட்சி என்று எழுதலாம். இந்த டயரியில் அப்படி நிறைய எழுதிவிட்டேன். அழுதேன். லூர்து ரேடியோவைப் போட்டார்.

வேம்பாரில் வேனை நிறுத்தினார். வழக்கமான கடை, வழக்கமான இட்லி. பந்தயம் முடிந்துவிட்டதாகக் கடையில் பேசிக்கொண்டார்கள். ஜெயித்தவனின் சராசரி 42.6. வழக்கமாக இந்த இடத்தில்தான் நாங்கள் வேனில் ஏறித் தூங்குவோம். லூர்து நாற்பத்தைந்து கிலோமீட்டரும் இந்தக் காற்றுக்குள் தனியாகத் திரும்புவார். மூன்று வருஷம். வருகிறபோது எங்களை இழுத்துக்கொண்டு, போகிறபோது கச்சானை இழுத்துக்கொண்டு. எங்களில் யார் இந்தப் பந்தயத்துக்குப் பயிற்சி எடுத்திருந்தார் என்பது இட்லிக்கடைக்காரருக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

"சாவியத் தாங்க" என்றேன். "உங்க சைக்கிள எடுங்க. நான் ஓட்டுறேன்."

"எதுக்கு டாக்டர், பந்தயந்தான் முடிஞ்சு போச்சுல்லா."

"தெருவுல சொல்லி வச்சிருக்குல்ல?"

சாவியை என் கையில் வைத்தார். பிறகு போய் சைக்கிளை இறக்கினார்.

முதலில் அவர் பின்னால் ஓட்டிக்கொண்டு போனேன். தனி ஆளாக எதிர்க்காற்றில் முப்பது. எனக்குப் பழக்கமான காட்சி. அந்த முதுகு, வலது தோளில் கிரீஸ் கறை, இடுப்புப் பக்கம் பிரிந்து தொங்குகிற நூல். மூன்று வருஷமாக எனக்கு முன்னால் இருந்த காட்சி அதுதான், அதைத்தான் என் வேகம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சூரங்குடி தாண்டியதும் வேனை அவருக்கு முன்னால் கொண்டுவந்தேன். பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். அவர் முதலில் விலகப் பார்த்தார். பின்னால் ஒட்டுவது அவருக்குப் பழக்கமே இல்லை. பிறகு மெல்ல வந்து நிழலுக்குள் புகுந்தார். அப்போதுதான் சைக்கிளில் போகிற லூர்துவின் முகத்தை முதல்முறையாகப் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு ஓட்டுகிறார். நான் பல் பிடுங்கிய இடம் தெரிந்தது என்று சொன்னால் மிகை, ஆனால் தெரிந்தது போல இருந்தது. முப்பத்தைந்து. முப்பத்தெட்டு. முப்பத்தெட்டிலேயே வைத்தேன். அது எனக்குத் தெரிந்த எண்.

கண்ணாடியில் அவர் வாய் அசைந்தது. என்னவோ சொல்கிறார். காற்றில் கேட்கவில்லை. ஒருவேளை நிறுத்தச் சொல்கிறாரோ, முடியவில்லையோ என்று நானாக ஒரு அர்த்தம் எடுத்துக்கொண்டேன். பிறகு எனக்கே உறைத்தது. வேகத்தைக் குறைத்து, தலையை வெளியே நீட்டி, "என்ன சொல்றீங்க லூர்து?" என்று கத்தினேன்.

"வேகமாப் போங்கன்னேன்! உருட்டிக்கிட்டு இருக்கீங்க!"

நாற்பது. நாற்பத்திரண்டு. நாற்பத்து மூன்று. கண்ணாடியில் முகம் அசையவில்லை. ஒரு வேனின் நிழலும் நூறு பேரின் நிழலும் ஒன்றல்ல, எனக்கும் தெரியும். இனி யாரிடமும் அதை நிரூபிக்கப் போவதில்லை. ஆனால் சமதரையில் நம் ஊர் ஆள் ஒருவனால் அவர்களோடு ஒட்ட முடியுமா என்று அந்தக் கேபிள் டிவிப் பெண் மறுபடி கேட்டால், முடியும் என்றுதான் சொல்வேன். அவர் கையில் நாங்கள் துடைப்பத்தைக் கொடுத்திருந்தோம்.

கடற்கரைச் சாலையில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முடிவுக்கோட்டு வளைவு மட்டும் இன்னும் நின்றது. கூட்டம் போய்விட்டது. ஒரே ஒரு வீட்டு மாடியிலும், அதற்குக் கீழே தெருமுனையிலும் ஒரு இருபது பேர் வெயிலில் நின்றார்கள். வேன் டிரைவராக வருகிறவருக்காக நின்றவர்கள். வளைவுக்கு நூறு மீட்டர் முன்னால் நான் வேனை ஓரம் ஒதுக்கி நிறுத்தினேன். லூர்து என்னைத் தாண்டிப் போனார். மாடியிலிருந்து ஒரு பெண் குரல், "எய்யா, வந்துட்டாரு!" என்றது. பிறகு எல்லாரும் சேர்ந்து கத்தியதில் ஒன்றும் புரியவில்லை.

வேனில் இருந்தபடி நானும் கைதட்டினேன். நெற்றியில் துடைப்பம் கட்டிய வண்டிக்குள் ஒரு பல் டாக்டர் சைக்கிள் சட்டையோடு தனியாகக் கைதட்டுவதைப் பந்தல்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஏழு நோயாளிகள். யாரும் பந்தயத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஒருவர் கேட்க வந்தார், அவருக்கு வாயில் பஞ்சு இருந்தது. எடுத்துவிட்டு, சொல்லுங்க என்றேன். "வலிக்குது டாக்டர்" என்றார்.

ஆகஸ்ட் 27, புதன்

டிவியில் சொன்ன வாக்கு வாக்குதான் என்று ஹெப்சிபாவிடம் சொன்னேன், இனி சைக்கிளைத் தொடமாட்டேன். அவள், "அப்போ ஞாயித்துக்கிழமை வீட்டுல இருப்பீங்களா?" என்று கேட்டாள். அதில் சந்தோஷத்தைவிடக் கவலைதான் அதிகமாகத் தெரிந்தது. இருக்கமாட்டேன், சாகுலிடம் வேன் கேட்டிருக்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வேம்பார் முதல் தூத்துக்குடி வரை, எதிர்க்காற்று, நாற்பத்தைந்து கிலோமீட்டர். சராசரி 41.8. என் போனில் லூர்து ராயன் என்ற பெயரில் புதிதாக ஒரு கணக்குத் திறந்து பதிவு செய்தேன்.

நான் முன்னால் போனேன். எனக்கும் இப்போது அதில்தான் பிரியம்.